கிளையில் ஒண்டுக் குடித்தனம்

மரத்தை உறிஞ்சிக் குடிப்பதாகக் காலங்காலமாகப் பழி சுமக்கிறது ஆர்க்கிட். உண்மையில் அது மரத்திடம் கேட்பது உட்கார ஓர் இடம் மட்டுமே. நம் மலைகளில் இன்று குறைந்துவருவதும் அந்த இடம்தான்.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது சூளூர்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு அது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக இறங்க வேண்டிய ஸ்டேஷன். உள்ளூர்க்காரர்களுக்கு செங்காளம்மன் கோயில் ஊர். 2022இல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு என்று வாழப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். இரண்டு மொழிகளுக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பிழைப்பவன்.

ஒரு சித்திரை மாதக் காலையில் பக்கத்து வீட்டு மாமரத்தில் கிளை கழிக்க ஆள் வந்திருந்தார். காய்ந்த கிளைகளை வெட்டித் தள்ளியவர், நடுக்கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு செடியைப் பார்த்து அரிவாளைத் திருப்பிப் பிடித்தார். தடித்த நீள இலைகள். கயிறு கயிறாகச் சாம்பல் நிற வேர்கள். “பதனிக” என்றார் தெலுங்கில். வீட்டுக்கார அம்மா அதைத் தமிழில் சொன்னார்: “புல்லுருவி. சுரண்டிப் போட்டுடுப்பா, மரத்தையே தின்னுடும்.”

செடியில் ஐந்தாறு பூக்கள் இருந்தன. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நிறத்தில் ஒரு உதடு. கீழே நின்றவர்களுக்கும் லேசாக மணம் வந்தது. ‘இது புல்லுருவி இல்லை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று நான் குறுக்கே போனேன். அன்றைக்கு அந்தச் செடி பிழைத்தது.

அது வாண்டா டெஸ்ஸலேட்டா. கோரமண்டல் கரையோரம் மா, புளி, வேம்பு என்று எந்தப் பழைய மரத்திலும் காணக்கூடிய ஆர்க்கிட். வெயிலுக்கு அஞ்சாத, சமவெளியின் முரட்டுப் பிள்ளை. இதன் உறவுக்காரர்கள் மலைக்காடுகளில் இருக்கிறார்கள். பலவும் மிகச் சிறியவை, கடுகளவு பூப்பவை. அவற்றின் கதை இத்தனை சுலபமாக முடிவதில்லை.

திருடனும் குடித்தனக்காரரும்

புல்லுருவிக்கும் ஆர்க்கிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். புல்லுருவி பிடித்த கிளையை வெட்டினால், அதன் வேர் போன்ற உறுப்பு பட்டையைத் துளைத்து மரத்தின் நாளங்களுக்குள் இறங்கியிருப்பது தெரியும். மரம் மண்ணிலிருந்து ஏற்றும் நீரையும் உப்பையும் அது வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. ஆர்க்கிட்டின் வேர் பட்டைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பிடித்துக்கொள்ளும், துளைக்காது. சென்னையின் பழைய வீடுகளில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்களை ஒண்டுக் குடித்தனம் என்பார்களே, அதுதான் இது. சமையல் தனி, தண்ணீர் தனி. சுவர் மட்டும் வீட்டுக்காரருடையது.

தண்ணீர் எங்கிருந்து? அந்தச் சாம்பல் நிற வேர்கள்தான் பதில். அவற்றின் மேல் பஞ்சு போன்ற ஒரு உறை இருக்கிறது. பாடநூல்கள் வெலமன் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் உயிரற்ற, காற்று நிறைந்த செல்கள். மழைத்துளி பட்டதும் உறை அதை உறிஞ்சிக்கொள்கிறது. வெண்சாம்பலாக இருந்த வேர் கண்ணெதிரே பச்சையாக மாறும். மழை தொடங்கியதும் இலைகளையும் கிளைகளையும் கழுவிக்கொண்டு வரும் முதல் நீரில்தான் தூசியும் உப்பும் அதிகம். ஆர்க்கிட்டுக்கு அதுவே எரு.

மரத்தின் மேல் இருப்பது பாலைவனத்தில் இருப்பது போல. மழை நின்றால் சில மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். அதனால் மரத்தில் வாழும் பல ஆர்க்கிட்டுகள் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொள்கின்றன. வெப்பம் தணிந்த இரவில் திறந்து காற்றை உள்ளே இழுத்து, அதைச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் உணவு சமைக்கின்றன. வேறு சில, தண்டின் அடியைச் சின்ன வெங்காயம் போலப் பருக்க வைத்து அதில் நீரைச் சேர்த்துக்கொள்கின்றன.

இத்தனை சிக்கனமாக வாழும் ஒன்றுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியதில் எல்லா மொழிகளுக்கும் பங்கு உண்டு. வாண்டா என்ற அறிவியல் பெயரே நம் நாட்டுச் சொல். வந்தா என்றால் சமஸ்கிருதத்தில் மரத்தின் மேல் வளரும் ஒட்டுண்ணி. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதை எடுத்தாண்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1795இல், அந்தக் குறிப்பு அச்சேறியது. 1820இல் ராபர்ட் பிரவுன் அதைப் பேரினப் பெயராக நிலைநாட்டினார். வேடிக்கை என்னவென்றால், அதே 1795இல்தான் வில்லியம் ராக்ஸ்பரோ தன் கோரமண்டல் கரைத் தாவரங்கள் நூலில் நம் மாமரத்துச் செடியைப் படத்தோடு வெளியிட்டார். டெஸ்ஸலேட்டா, அதாவது கட்டம் போட்டது என்று அதன் பூவுக்குப் பெயர் வைத்தவர் அவர். பிற்பாடு இரண்டும் சேர்ந்து ‘கட்டம் போட்ட ஒட்டுண்ணி’ ஆகிவிட்டது.

தெலுங்கில் பதனிக என்ற ஒரே சொல் புல்லுருவிக்கும் இதற்கும் வழங்குகிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் தொற்றுத் தாவரம் என்கின்றன. தொற்றிக்கொண்டு நிற்பது என்ற பொருளில் சரியான சொல்தான். ஆனால் தொற்று என்றதும் இன்று யாருக்கும் நோய்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு தாவரவியல் கட்டுரையை மொழிபெயர்த்தபோது இந்தச் சொல்லில் அரை நாள் நின்றேன். நல்ல மாற்றுச் சொல் மலையாளத்தில் கிடைத்தது. அங்கே இதற்கு மரவாழ என்று பெயர். மரத்தின் மேல் உட்கார்ந்த வாழை. பழி இல்லை, பயம் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இருந்தது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட், உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ் நூலின் 12ஆம் தொகுதி 1693இல் வெளிவந்தது. அதில் பல ஆர்க்கிட்டுகள் வருகின்றன. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: ஆஞ்சிலி மரவாழ, காஞ்சிர மரவாழ. ஆஞ்சிலி மரத்தில் இருப்பது, எட்டி மரத்தில் இருப்பது. மலபார் மக்கள் செடிக்குப் பெயரோடு விலாசத்தையும் சேர்த்தே வைத்திருந்தார்கள்.

கடுகளவு பூக்கள்

அந்த விலாசம்தான் விஷயம். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 1,256 வகை ஆர்க்கிட்டுகள் உள்ளன. இவற்றில் 757, அதாவது ஏறக்குறைய 60 சதவீதம், மரங்களில் வாழ்பவை. 388 வகைகள் இந்தியாவைத் தவிர வேறு எங்கும் இல்லாதவை. அந்த 388இல் சுமார் மூன்றில் ஒரு பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தம்.

திருமலையைச் சுற்றியுள்ள சேஷாசலம் காடு 2010இல் உயிர்க்கோளக் காப்பகமானது. ஆனால் அது வறண்ட மலை. செம்மரத்துக்கு உகந்த மண். ஆர்க்கிட்டுகளுக்கு அவ்வளவாக இல்லை. தெற்கே சேர்வராயன், கொல்லிமலை என்று ஏறினால் ஈரம் கூடுகிறது, ஆர்க்கிட்டுகளும் கூடுகின்றன. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் மேகம் மரத்துக்குள்ளேயே வந்து போகும். அங்கே கிளைகள் பாசி போர்த்தியிருக்கும். அந்தப் பாசிக்குள் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி உலகம்.

ஒபரோனியாவை எடுத்துக்கொள்ளலாம். பனை விசிறியைச் சிறிதாக்கித் தட்டையாக அழுத்தியது போல இலைகள். அதிலிருந்து எலி வால் போல ஒரு கதிர் தொங்கும். கதிர் முழுக்கப் பூக்கள், ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு முழு ஆர்க்கிட்டுக்குரிய எல்லா அங்கமும் இருக்கும். டேனியோஃபில்லம் இன்னும் விசித்திரம். அதற்கு இலை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. பட்டையின் மேல் சிலந்தி போலப் பரவிய பச்சை வேர்களே உணவு தயாரிக்கின்றன. பூக்காத நாளில் அதை ஒரு செடி என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

காட்டோனியா பெடன்குலாரிஸ் என்று ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் காணப்படுவது. நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் பூக்கள். பூவின் உதடு கருஞ்சிவப்பாக, மஞ்சள் விளிம்போடு, தேனீ வந்து உட்கார்ந்தது போலவே இருக்கும். ராபர்ட் வைட் 1851இல் இதற்குப் பெயர் சூட்டினார். அந்தக் காட்டன், மதராஸ் பொறியாளர் படையில் இருந்த ஃபிரெடெரிக் காட்டன். கோதாவரிக்கு அணை கட்டி ஆந்திரத்தில் ஊருக்கு ஊர் சிலையாக நிற்கும் ஆர்தர் காட்டனின் தம்பி.

வைட் வெளியிட்ட ஆயிரக்கணக்கான தாவரப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவைக் கௌரவிக்க வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயர் வைத்தார். அது ஏற்கெனவே வேறு பெயரில் பதிவான பேரினம்தான் என்று பின்னால் தெரிந்ததால் அந்தப் பெயர் வழக்கொழிந்தது. காட்டன் நிலைத்தார், கோவிந்து போய்விட்டார்.

மூன்று பேர் தயவு

இந்தச் சின்னச் செடிகள் மரத்தைச் சார்ந்திருப்பது குறைவு. மற்றவர்களைச் சார்ந்திருப்பது அதிகம்.

முதல் தயவு ஒரு பூஞ்சையுடையது. நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, தேங்காய்க்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கும் குருத்துக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு அது. ஆர்க்கிட் விதைக்குள் அப்படி எதுவும் இல்லை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள். ஒவ்வொன்றும் தூசி. காற்றில் பறந்து பட்டை இடுக்கில் விழும் விதைக்கு அங்கே சரியான பூஞ்சை இருக்க வேண்டும். அது விதைக்குள் நுழைந்து உணவூட்டினால்தான் முளை. 1899இல் பிரான்ஸில் நோயல் பெர்னார் இதைக் கண்டுபிடித்தார்.

இரண்டாவது தயவு பூச்சியுடையது. மற்ற பூக்கள் மகரந்தத்தைப் பொடியாகத் தூவும். ஆர்க்கிட் அதைப் பொட்டலமாகக் கட்டி, பசை தடவி, வரும் பூச்சியின் தலையிலோ முதுகிலோ ஒட்டி அனுப்புகிறது. பொட்டலம் தவறினால் அந்தப் பூவின் உழைப்பு வீண். குறிப்பிட்ட ஒரு வகைப் பூச்சியை மட்டுமே நம்பியிருக்கும் ஆர்க்கிட்டுகள் பல. அந்தப் பூச்சி வராத ஊரில் செடி வாழலாம், பூக்கலாம், சந்ததி இருக்காது.

மூன்றாவது தயவு காலத்துடையது. இளம் மரத்தின் வழவழப்பான பட்டையில் விதை நிற்காது. பட்டை வெடித்து, பாசி படிந்து, மக்கு சேர வேண்டும். அதற்கு மரம் வயதாக வேண்டும். முளைத்த ஆர்க்கிட் பூக்கவும் பல ஆண்டுகள் ஆகும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது ஒரு தவறுக்குப் பிறகு. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காடு மலைப்பாதையில், மழைக்கு ஒடிந்து விழுந்த ஒரு கிளையைப் பார்த்தேன். அதில் விரல் நீள ஒபரோனியா ஒன்று. எப்படியும் சாகப் போகிறதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, கிளைத் துண்டோடு ஈரத்துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். பின்கட்டில் நிழலில் தொங்கவிட்டு மூன்று வேளை தண்ணீர் தெளித்தேன். சூளூர்பேட்டைக் காற்றில் உப்பும் புழுக்கமும் உண்டு. மலையின் குளிர்ந்த இரவு இல்லை, மேகம் இல்லை. விசிறி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. மூன்றாம் மாதம் கையில் மிஞ்சியது சுள்ளி. பக்கத்திலேயே நின்ற மரத்தில் அதைக் கட்டிவைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். அக்கறையும் சில நேரம் கொள்ளைதான்.

அழகுக்குக் காவல்

நிஜக் கொள்ளையின் கதை அகத்தியமலையில் நடந்தது. பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட் தரையில் வளர்வது. மஞ்சள் பூவில் காலணி போன்ற பை. உலகில் வேறெங்கும் இல்லாமல் அந்த மலைப் பகுதியில் மட்டுமே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டு, பிறகு நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்தது. 1970களில் மறுபடி அகப்பட்டது. செய்தி பரவியதுமே சேகரிப்பாளர்கள் வேரோடு அள்ளிப் போனார்கள். இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

சட்டம் வராமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991 திருத்தத்தின் மூலம் முதல்முறையாகத் தாவரங்களுக்கு இடம் கிடைத்தது. அன்றைய அட்டவணையில் இருந்தவை ஆறு பெயர்கள். அவற்றில் மூன்று ஆர்க்கிட்: நீல வாண்டா, சிவப்பு வாண்டா, காலணிப் பூ ஆர்க்கிட்டுகள். இன்னொன்று நம் ஊர்ப் பிள்ளை: திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டுமே இருக்கும் பெட்டோம் சைகஸ். 2022 திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. வெளிநாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் எல்லா ஆர்க்கிட்டுகளும் வருகின்றன.

ஆனால் அந்த மூன்று ஆர்க்கிட்டுகளும் அழகானவை, கண்ணைப் பறிப்பவை, விலை போனவை. ஒபரோனியாவையும் டேனியோஃபில்லத்தையும் யாரும் திருடுவதில்லை. அவை வேறு விதமாகப் போகின்றன. காபித் தோட்டத்தில் பலாவும் அத்தியும் நின்ற இடத்தில் சில்வர் ஓக் வருகிறது. சீக்கிரம் வளரும், மிளகு ஏற்றலாம், பருத்ததும் விற்கலாம். அதை யாரும் கிழமாக விடுவதில்லை. யூகலிப்டஸோ பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும் மரம். அதில் குடியேறியவர் பட்டையோடு கீழே வரவேண்டியதுதான். மலைப்பாதையை அகலப்படுத்த ஒரு கிழட்டு மரத்தை வெட்டினால் கணக்கில் ஒரு மரம் என்று எழுதுவார்கள். அதன் கிளைகளில் இருந்த குடித்தனங்களை எண்ண அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. பதிலுக்குப் பத்துக் கன்று நட்டாலும், அந்தப் பட்டை வெடிக்க இன்னொரு தலைமுறை ஆகும்.

பூவுக்காகக் காட்டுக்குப் போகவேண்டிய அவசியம் இன்று இல்லை. 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். கல்யாண மேடைகளில் நாம் பார்க்கும் ஊதா டென்ட்ரோபியங்கள் இப்படிச் சோதனைக் கூடத்தில் பிறந்து நிழல்வலைக் கூடாரத்தில் வளர்ந்த பரம்பரை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1960களிலிருந்து தென்னகத்தின் ஆர்க்கிட்டுகளைத் தொட்டியிலும் மரத்துண்டிலும் காத்துவருகிறது. ஆனால் தோட்டம் என்பது பத்திரப்படுத்தும் பெட்டகம். பூஞ்சையும் பூச்சியும் பனியும் சேர்ந்த வீட்டை அதற்குள் கட்ட முடியாது.

அஸ்ஸாமில் பிஹு திருநாளுக்கு ஆடும் பெண்கள் கொண்டையில் ஒரு பூச்சரம் வைப்பார்கள். கபௌ பூ, நரி வால் போலத் தொங்கும் ஆர்க்கிட், அம்மாநிலத்தின் மலர். அதே ஆர்க்கிட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மரங்களில் தொங்குகிறது. வான் ரீட்டின் ஆஞ்சிலி மரவாழ அதுதான். அங்கே பாட்டிலும் திருநாளிலும் இடம்பெற்ற பூவுக்கு, இங்கே ஊர் ஊராகச் சொல்ல ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. பெயர் இல்லாததைப் புல்லுருவி என்று சொல்லிச் சுரண்டுவது எளிது.

மாமரத்துக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மறு வருடம் அந்த வீட்டுக்கு மாடி எழுப்ப முடிவாயிற்று. மரம் நிற்க இடமில்லை. இந்த முறை அந்த அம்மாவே கூப்பிட்டனுப்பினார். மரத்தை வெட்டுவதற்கு முதல் நாள் செடியைப் பட்டையோடு பெயர்த்து எடுத்து, தெருமுனை வேம்பில், தென்னை நாரால் கட்டினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு புது வேர்கள் வேப்பம்பட்டையைப் பிடித்திருந்தன. நுனி பச்சையாக இருந்தது.

அது முரட்டு ஜாதி, சமவெளிக்காரன். விலாசம் மாற்றிக்கொண்டு பிழைத்துவிட்டது. ஏற்காட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஒபரோனியாவுக்கு அப்படி ஒரு மாற்று விலாசம் இல்லை. அதற்கு வேண்டியது அந்த மலையில், அந்தப் பனியில், வயதாகும்வரை யாரும் வெட்டாமல் விட்ட ஒரு மரம்.